கருப்பராயனை அளந்த ஹோல்டுக்காரர்

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். அந்த அஞ்சாம் வகுப்பிலும் பாதி நாள் எருமைக்குப் பின்னால்தான் படித்தேன். அப்படிப்பட்ட நான் வாடகை ஷெட்டில், கால் உடைந்த ஒரு தையல் மெஷினைச் செங்கல் மேல் நிறுத்தித் தொழில் ஆரம்பித்தேன். மழை பெய்தால் துணிக்குக் குடை பிடித்துவிட்டு நான் நனைவேன். இன்றைக்கு வீரபாண்டிப் பக்கம் வந்து பாருங்கள். நான்கு மாடிக் கம்பெனி. நிட்டிங் தனி, கட்டிங் தனி, தையல் தனி, பேக்கிங் தனி. வடக்கத்திப் பையன்களுக்கு ஹாஸ்டல், கேன்டீன், கம்பெனி வாசலில் ஒரு கோயில். எல்லாம் நான் கட்டியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் தைத்து அனுப்பிய பனியனைப் போட்டுக்கொண்டுதான் இங்கிலீஷ்காரன் தூங்குகிறான்.

நூல் விலை ஏறியபோது நான் நிற்கவில்லை. கரண்ட் போனபோது நிற்கவில்லை. கொரோனா ஊரையே பூட்டியபோதும் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட என்னை ஒரே ஒரு சொல்லால் பிடித்து நிறுத்தக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர்தான் ஹோல்டுக்காரர்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். முருகனோ சுப்பிரமணியமோ, அந்த வகையறா. எங்களுக்குத் தெரியாது. எங்கள் கம்பெனியில் அவர் செக்கிங் ஆள். தைத்து வரும் துணியை மேஜையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, நல்லதென்றால் பாஸ் என்றும், கெட்டதென்றால் ரிஜெக்ட் என்றும் சீல் குத்துவது செக்கிங் வேலை. இரண்டிலும் சேராமல் சந்தேகமாக இருந்தால் ஹோல்டு. அதாவது, இன்னும் பார்க்க வேண்டும், இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். மற்ற செக்கிங் ஆட்களுக்கு ஹோல்டு சீல் வருஷத்துக்கு ஒரு முறை வேண்டியிருக்கும். இவருக்கு மட்டும் அதன் ரப்பர் தேய்ந்து தேய்ந்து வழுக்கையாகிவிடும்.

கம்பெனிக்குள் இருந்தால் பரவாயில்லை. மனிதர் உலகத்தையே மேஜையில் விரித்து வைத்திருந்தார். கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா, சட்டைப் பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. ஒரு நாள் டவுன் பஸ்ஸில் முன்னால் நின்றவரின் சட்டைக் காலரில் நூல் தொங்கியிருக்கிறது. இவருக்குக் கை பரபரத்திருக்கிறது. கத்தரியை எடுத்து வெட்டிவிட்டார். அந்த ஆள் திரும்பிப் பார்த்தார், கத்தரி தெரிந்தது, பிக்பாக்கெட் என்று கத்திவிட்டார். பஸ்ஸே சேர்ந்து மொத்தியது. அடி வாங்கிக்கொண்டே நம்ம ஆள் சொன்னாராம்: “அடிக்கறது அடிங்க, வேண்டாங்கல. ஆனா உங்க தோள்பட்டைத் தையலு விட்டுருக்குதுங்க. ஊட்டுக்குப் போனதும் பாத்துக்குங்க.”

என் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தேன். பந்தியில் ஒப்புட்டு, அதாவது எங்கள் பக்கத்துப் போளி. ஊர் மொத்தமும் அதைச் சப்புக்கொட்டித் தின்கிறது. இவர் மட்டும் ஒப்புட்டை விரலால் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரம் ஒரே கனமாக இல்லை என்று இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார். சமையல்காரர் கரண்டியோடு வந்துவிட்டார்.

“ஏனுங்க, நம்ம ஒப்புட்டுல என்னங்க குத்தம்?”

“குத்தமே சொல்லலீங்களே. ஹோல்டுன்னு வச்சிருக்கறனுங்க.”

“அப்படின்னா?”

“இன்னொண்ணு வையுங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துச் சொல்றேன்.”

அன்றைக்கு ஏழெட்டு ஒப்புட்டு ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் அவர் முடிவு சொல்லவில்லை.

இது போகட்டும். எனக்கும் அவருக்கும் உண்மையான மல்லுக்கட்டு கோயில் கட்டிய பிறகுதான் ஆரம்பமானது.

ஒரு காலத்தில் கம்பெனியில் துணி காணாமல் போய்க்கொண்டிருந்தது. கேமரா வையுங்கள் என்றார்கள். கேமராவுக்கு எவன் பயப்படுகிறான்? அதன் முன்னால் தலை சீவிக்கொண்டு போகிறான். நான் யோசித்தேன். எங்கள் குலத்துக்குக் காவல் கருப்பராயன். அவரையே கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அழகான சின்னக் கோயில். ஐம்பொன் சிலை. வாட்ச்மேன் நாச்சிமுத்துதான் பூசாரி. காலையில் பூஜை, அப்புறம் சல்யூட். ஒவ்வொரு ஷிப்மென்ட்டிலும் முதல் பண்டலைச் சாமி பாதத்தில் வைத்துப் பூஜை முடித்துத்தான் பேக்கிங்குக்கு எடுத்துப் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். யார் மேலாவது சந்தேகம் வந்தால் கருப்பராயன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் வைத்தேன்.

நம்பினால் நம்புங்கள். திருட்டு நின்றது. குடித்துவிட்டு வருவது குறைந்தது. பெண்பிள்ளைகளைக் கேலி பேசுவது அடியோடு போனது. ஒரு நாள் டீ நேரத்தில் ஹோல்டுக்காரரைக் கூப்பிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

“ஏனப்பா, இப்பவாச்சும் ஒத்துக்கறயா? கருப்பராயன் நெசமான சாமின்னு?”

“பிரயோசனமான சாமிங்க. அதை ஒத்துக்கறனுங்க.”

“பிரயோசனம்னா நெசந்தானப்பா? நெசமில்லாதது எப்படிப் பிரயோசனப்படும்?”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் சட்டைக் காலரைப் பின்பக்கமாகப் பிடித்துத் திருப்பினார். முதலாளி காலர்! அதிலிருந்த லேபலைத் தடவிக் காட்டினார்.

“இதுல சுத்தமான காட்டன்னு போட்டிருக்குதுங்க. சட்டை உங்களுக்கு நல்லாப் பொருந்தியிருக்குது. வேர்வையை உறிஞ்சுது. கிழியாம உழைக்குது. எல்லாம் சரிங்க. அதனால லேபல்ல இருக்கறது நெசம்னு ஆயிருங்களா?”

“நல்ல சட்டையில பொய்யான லேபல் எதுக்கு வைக்கறான்?”

அவர் கத்தரியால் என் சட்டை உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை இழுத்து, தீப்பெட்டியை உரசி அதைக் கொளுத்தினார். பஞ்சு நூலாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். என் நூல் உருகிச் சுருண்டு, கடுகு போல ஒரு கெட்டி உருண்டையாக நின்றது. பாதி பாலியஸ்டர். அந்தச் சட்டையை எனக்குப் பிறந்த நாளுக்கு என் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்திருந்தார். அது வேறு கதை.

“சட்டை நல்ல சட்டைங்க மொதலாளி. போட்டுக்குங்க. பனியன் வேற, லேபல் வேற. அவ்வளவுதானுங்க நான் சொல்றது.”

விடுவேனா நான்? சரக்கு வாங்க வரும் எத்தனை பையரைப் பேசிக் கவிழ்த்தவன்! “நம்ம கட்டிங் செக்ஷன்ல கருப்பராயனுக்கு மாலை போட்ட நாள்ல இருந்து எவனும் குடிக்கறதில்ல, தெரியுமில்ல? அது சாமி செஞ்சதுதான?” என்றேன்.

“ஆமாங்க. பேக்கிங்ல சர்ச்சுக்குப் போற ஆளுக ஒருத்தரும் குடிக்கறதில்லீங்க. நிட்டிங்ல தொழுகைக்குப் போறவங்களும் குடிக்கறதில்லீங்க. கட்டிங் மாஸ்டர் கருப்புச் சட்டை போட்டுக்கிட்டுச் சாமியே இல்லேங்கறாரு, அவரும் தொடறதில்லீங்க. குடிக்காததை வச்சு நெசம்னா, நாலும் நெசமாகோணும். நாலும் ஒண்ணை ஒண்ணு இல்லேங்குது. ஒரே பனியனுக்கு எப்படிங்க நாலு லேபல் வைக்கறது?”

“அப்ப திருட்டு நின்னுச்சே, அது?”

“கோயில் கட்டுன அதே மாசம் காம்பவுண்டுச் சுவரையும் ஒசத்துனீங்க. நின்னது சாமியாலயா செவுத்தாலயான்னு யாரு பாத்தா?”

பக்கத்தில் நின்ற கட்டிங் மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். “அப்படிப் போடுங்க! அப்ப சாமி இல்லேன்னு நீங்களே சொல்லிட்டீங்க!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஹோல்டுக்காரர் கையை உருவிக்கொண்டார். “இல்லேன்னு நான் எப்பங்க ரிஜெக்ட் குத்தினேன்? உங்க லேபலையும் இன்னும் கொளுத்திப் பாக்கலீங்க. ஹோல்டு.”

இரண்டு கட்சியும் அவரை ஒரே நாளில் வெறுத்தது. அதிலும் வேடிக்கை, ஐம்பொன் சிலை என்று நான் சொன்னதை அவர் சிலைக்குத் துணி தைக்க அளவெடுத்த அன்றே பித்தளை என்று சொல்லிவிட்டார். ஆமாம், கருப்பராயனுக்குப் பட்டு வேட்டி அளவெடுத்துத் தைத்ததே அவர்தான். நம்பிக்கை இல்லாத ஆள் தைத்த வேட்டிதான் சாமிக்கு இடுப்பில் கச்சிதமாக நின்றது. அதற்கு முன்னால் நாச்சிமுத்து கட்டிய வேட்டி பூஜைக்கு நடுவில் நழுவி, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

ஓர் அமாவாசை நாள். மதியத்துக்கு மேல் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங்கில் ஒரு பண்டல் குறைகிறது. எந்தப் பண்டல் என்று பார்த்தால் முதல் பண்டல். காலையில் சாமி பாதத்தில் வைத்தது. வைத்துவிட்டுப் போன ஆள் இரவு ஷிப்ட் முடித்து, பாதத்தில்தான் வைத்தேன் என்று போனில் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான். ஓடிப் போய்ப் பாதத்தில் பார்த்தோம். புதுப் பட்டும் பூவுமாகச் சாமி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். பண்டல் இல்லை.

கம்பெனியில் திருடினால் கூடப் பொறுப்பேன். சாமி காலடியிலிருந்தா? என் ரத்தம் கொதித்தது.

பாதத்திலிருந்து பண்டலை வாங்கி வருவது பேக்கிங்கில் ஜெபமணி என்கிற அம்மாவின் வேலை. மூலனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே காடு கழனி பார்த்துவிட்டு, தண்ணீர் வற்றியதும் இங்கே வந்தவர்கள். அந்த அம்மா கோயில் படி ஏறாது. வெளியில் நின்று நாச்சிமுத்துவிடம் வாங்கிக்கொண்டு போகும். அன்றைக்குப் போனபோது நாச்சிமுத்து அங்கே இல்லை, எட்டிப் பார்த்தேன், பண்டலும் இல்லை, திரும்பி வந்துவிட்டேன் என்றது. சாட்சிக்கு ஆள் இல்லை. நாச்சிமுத்துவைக் கேட்கலாமென்றால், போனைக் கேட்டிலேயே வைத்துவிட்டு அமாவாசைப் படையலுக்கு வீட்டுக்குப் போயிருந்தார்.

“எல்லாரையும் வரச் சொல்லு. கற்பூரத்தை ஏத்து” என்றேன்.

மெஷின்கள் நின்றன. வரிசை கேட்டைத் தாண்டி வளைந்தது. முதலில் நானே அணைத்துக் காட்டினேன். அப்புறம் மேனேஜர். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்புறம் ஒவ்வொருவராக. ஒரு பீகார்ப் பையன் பக்தி முற்றி மூன்று முறை அணைத்தான். “ஒரு தடவ போதும்ல, கையி வெந்துரும்” என்று மேனேஜர் இழுத்துவிட வேண்டியதாயிற்று. ஹோல்டுக்காரர் முறை வந்தது. கற்பூரத்தை உற்றுப் பார்த்தார். “ஹோல்டுங்க” என்று நகர்ந்தார். அவர் சுபாவம் ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெபமணி முறை வந்தது. அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

“எங்க சபையில சத்தியம் பண்றது ஆகாதுங்க. எடுக்கலீங்க மொதலாளி. அதைத்தானுங்க என்னால சொல்ல முடியும்.”

“எடுக்கலேன்னா அணைக்கறதுக்கு என்னம்மா?”

“எடுக்கலேங்கறதுக்காக வேற ஒரு தப்பைப் பண்ணச் சொல்றீங்களே மொதலாளி.”

மேனேஜர் என் காதுக்குள் வந்தார். “மொதலாளி, சந்தேகமே வேண்டாம். அத்தன பேரும் அணைச்சாச்சு. இந்தப் பொம்பள மட்டும் மாட்டேங்கா. எடுத்தது இவதான்.”

ஒரு முதலாளி செய்ய வேண்டியதைத்தான் நானும் செய்தேன். லாரி கிளம்புவதற்குள் கற்பூரத்தை அணைத்தால் வேலை. இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் வெளிறிப் போனது.

“வேலை போனாக் கூடப் பரவாயில்லீங்க. திருடின்னு போனா, திருப்பூருல எந்தக் கம்பெனிக்காரங்க எனக்குக் கேட்டைத் திறப்பாங்க? ரெண்டு புள்ளைகளுங்க. அதுகளையும் திருடி மக்கன்னுதான சொல்லுவாங்க?”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது ஹோல்டுக்காரர் செக்கிங் மேஜையை விட்டு எழுந்து வந்தார்.

“மொதலாளி, ஒரு சந்தேகமுங்க. கற்பூரம் எதுக்கு?”

“சாமிக்குப் பயந்தவன் பொய் சத்தியம் பண்ண மாட்டான்.”

“சரிங்க. பயப்படாதவன்?”

“பயப்படாதவன்... பண்டலைத் திருடுவான்.”

“திருடிப்போட்டு, கற்பூரத்தை என்ன பண்ணுவானுங்க?”

நான் யோசித்தேன். “அணைப்பான்” என்றேன்.

“வெசையா வந்து மொதல்ல அணைப்பானுங்க. அப்ப நாம தேடறது சாமிக்குப் பயப்படாத ஆளை. இந்தக் கூட்டத்துலயே சாமிக்குப் பயந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னது இந்தம்மா ஒருத்திதானுங்க. அவங்களைப் புடிச்சுத் திருடிங்கறீங்க. தயங்காம மொதல்ல அணைச்சவங்களையல்ல பாக்கோணும்?”

முதலில் அணைத்தது நான். இரண்டாவது மேனேஜர். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஜெபமணிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. “கர்த்தர்தானுங்க உங்களை அனுப்பிச்சிருக்கறாரு” என்றது கண் கலங்க.

சும்மா இருந்திருக்கலாம் இல்லையா இந்த மனிதர்? “அப்படிச் சொல்லாதீங்கம்மா” என்றார். “அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும். சபைக்குப் போனதுல இருந்துதான் என்ற ஊட்டுக்காரரு குடியை உட்டாரு. ஊட்டுல சண்டை நின்னுச்சு. நெசமில்லாத சாமி இதெல்லாம் செய்யுமுங்களா?”

“இதையேதானுங்க மொதலாளியும் கருப்பராயனுக்குச் சொல்றாரு. அது பனியன். நான் கேக்கறது லேபலு.”

“ஏனுங்க, நீங்க என்னைக் காப்பாத்த வந்தீங்களா, என்ற சாமியைச் செக்கிங் பண்ண வந்தீங்களா?”

அவ்வளவு பெரிய கஷ்டத்திலும் கூட்டம் சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்தது. முதலாளி என்பதால் அடக்கிக்கொண்டேன். ஆனால் சட்டம் சட்டம்தான். “பேச்செல்லாம் போதும். அணைக்கலேன்னா அந்தம்மா போகோணும்” என்றேன்.

“அணைக்காத ஆளு ரெண்டு பேருங்க. நானும் அணைக்கல. என்ற கணக்கையும் முடிச்சிருங்க.”

சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி என் கையில் கொடுக்கப் போனார். நாடா இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. துண்டு இல்லாத கோயில் பூசாரி மாதிரி இருந்தார். நீட்டிய கை பாதியில் நின்றது. கண் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் போனது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாமியைப் பார்த்தார். பிறகு இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“ஏனுங்க மொதலாளி. சாமி வளந்துருக்குதுங்க.”

நான் திரும்பிச் சாமியைப் பார்த்தேன்.

“என்னப்பா சொல்ற?”

“வேட்டிக்கு அளவெடுத்தது நானுங்க. அப்ப சாமியோட தலை அந்த மணிக்குக் கீழ இருந்துச்சு. இப்ப மணியை முட்டுது.”

எல்லோரும் பார்த்தார்கள். நிஜம்! கருப்பராயனின் கொண்டை மணியின் நாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். “கருப்பராயா!” என்று ஒரு சத்தம் கிளம்பியது. தையல் செக்ஷன் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பீகார்ப் பையன் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தான். கருப்புச் சட்டை கட்டிங் மாஸ்டர் கூட, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, செருப்பைக் கழற்றினார். படையல் முடித்துத் திரும்பி, சத்தம் கேட்டு ஓடி வந்த நாச்சிமுத்துவுக்கு வந்த வேகத்திலேயே சாமி வந்துவிட்டது. வாட்ச்மேன் தொப்பியோடு கோயில் முன்னால் சுழன்று சுழன்று ஆடினார்.

“என்ற எல்லையில எவன்டா திருடுனது! விட மாட்டேன்டா!”

ஹோல்டுக்காரர் நாடாவை விரித்துக்கொண்டு படி ஏறினார். “சித்தெ அக்கட்டால நின்னு ஆடுங்க. அளக்கோணும்.”

மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். “மொதலாளி, அவரத் தொட விடாதீய! சாமி வளந்து நிக்கி! தெய்வக் குத்தம் ஆயிரும்!” கூட்டமும் ஆமாம் ஆமாம் என்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாசலில் லாரி. ஒரு பக்கம் ஜெபமணி. மேலே வளர்ந்த சாமி.

இங்கேதான் நான் செய்ததைக் கவனியுங்கள். வேறு முதலாளியாக இருந்தால் தேங்காய் உடைத்து, பேப்பர்காரர்களைக் கூப்பிட்டிருப்பார். வளர்ந்த சாமி இருக்கிற கம்பெனிக்கு எவ்வளவு பெயர்! நான் சொன்னேன்:

“அளக்கட்டும், உடு. என்ற கருப்பராயன் நெசமான சாமி. டேப்புக்கெல்லாம் பயப்படற சாமி இல்ல.”

ஹோல்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கொண்டையில் நாடாவின் நுனியை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். இடுப்பு சரி. முழங்கால் சரி. பாதம் சரி. “உருப்படி வளரலீங்க” என்றார். “பாதத்துக்குக் கீழதான் கூடியிருக்குது.” தொங்கிய பட்டைத் தூக்கினார்.

பட்டுக்குக் கீழே, பாலித்தீன் கவர் போட்டு, சிட்டை கட்டியபடி, எங்கள் முதல் பண்டல். அதன் மேல் சாமி காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

நாச்சிமுத்துவுக்குச் சாமி இறங்கிவிட்டது. அவ்வளவு வேகமாக ஒரு சாமி மலையேறி நான் பார்த்ததில்லை.

“ஏனப்பா நாச்சிமுத்து, என்ன இது?”

“மணைங்க மொதலாளி.”

“எந்த மணை?”

“நீங்கதானுங்க சாமிக்குப் புதுசாத் தேக்கு மணை செஞ்சு தர்றேன்னு சொன்னீங்க. விடியக்காலம் வந்து பாத்தனுங்க, பாதத்துல சதுரமா இருந்துச்சு. மணை வந்துருச்சுன்னு எடுத்து அடியில வச்சு, மேல பட்டைச் சாத்திப்போட்டனுங்க.”

“பனியன் பண்டலுக்கும் தேக்குப் பலகைக்கும் வித்தியாசம் தெரியலையாப்பா உனக்கு?”

“மெத்துமெத்துன்னுதானுங்க இருந்துச்சு. மொதலாளி வசதியானவரு, சாமிக்கு மெத்தை வச்சுச் செஞ்சிருக்கறாருன்னு நெனச்சுக்கிட்டனுங்க.”

நான் ஒரு மணை தருவதாகச் சொன்னால் அதில் மெத்தையும் இருக்கும் என்று ஊர் நம்புகிறது, பாருங்கள். அந்த அளவுக்கு நம் பெயர்.

பண்டலுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு நாங்கள் அத்தனை பேரும் எடுக்கவில்லை என்று கற்பூரத்தை அணைத்திருக்கிறோம். நான் உடனே பிடித்துக்கொண்டேன். “பாத்தயா! சத்தியம் பண்ணின ஒருத்தனும் பொய் சொல்லல. சொத்து வெளிய போகாம சாமியே மேல உக்காந்து காவல் காத்திருக்கறாரு. இதுக்கு மேல என்னப்பா உனக்கு அத்தாட்சி வேணும்?”

“சத்தியம் பண்ணாத அந்தம்மாவும் பொய் சொல்லலீங்க” என்றார் ஹோல்டுக்காரர். “அதையும் சேத்துக்குங்க.”

இதற்கும் என்னிடம் பதில் இருந்தது. சொல்வதற்குள் லாரிக்கு நேரமாகிவிட்டது.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னாலும் அந்த அம்மாவிடம் பேச வைத்தேன். “தப்பா நெனச்சுப்புட்டேன் தாயி, மனசுல வச்சுக்காதீய” என்றார். ஜெபமணி பண்டலை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஹோல்டுக்காரர் பக்கம் திரும்பியது.

“உங்களுக்காக இன்னிக்கு ஜெபம் பண்ணுவனுங்க.”

“பண்ணுங்கம்மா. நல்லது நடந்தாச் சந்தோசம். ஆனா நடந்ததை வச்சு...”

“தெரியுமுங்க. லேபல் ஆவாது. போயி டீயைக் குடிங்க!”

அன்றோடு எங்கள் கம்பெனியில் கற்பூரம் பூஜைக்கு மட்டும்தான். சத்தியத்துக்கு இல்லை. நிறுத்தியவன் நான். கருப்பராயன் அதே இடத்தில் இருக்கிறார். இப்போது நிஜமாகவே தேக்கு மணையில். எனக்கு அவர் நெசமான சாமிதான். அதில் எவன் வந்து எந்த நூலைக் கொளுத்தினாலும் மாற்றமில்லை.

ஹோல்டுக்காரர் இப்போது வேலையில் இல்லை. காங்கேயத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. பக்கத்து மில்லிலிருந்து வருகிற தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் விட்டு முகர்ந்து பார்த்து அந்த மில்காரரைப் பாடாய்ப் படுத்துகிறார் என்று கேள்வி. கேள்வி என்ன கேள்வி, மாதம் தவறாமல் நானே போய்ப் பார்க்கிறேன். எண்ணெய் மில்லில் எனக்கு வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. போய் உட்கார்ந்து, கருப்பராயன் நெசமா இல்லையா என்று பொழுது சாயும் வரை சண்டை போட்டுவிட்டு வருவேன். ஊரில் மற்றவர்கள் எல்லாம் நான் எது சொன்னாலும் ஆமாங்க என்கிறார்கள். பேச்சே ருசிப்பதில்லை.

ஜெபமணி இப்போது எங்கள் பேக்கிங் சூப்பர்வைசர். போன மாதம் அவர்கள் சர்ச்சில் எழுந்து நின்று, எந்தச் சாமியையும் உறுதியாகச் சொல்லாத ஒரு மனிதர் என் மானத்தைக் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னதாம். கேட்டவர்கள் அழுதார்களாம். நல்லது. ஆனால் கணக்கு அங்கே தவறுகிறது. ஒரு மனிதர் இல்லை, இரண்டு பேர். எந்தக் கம்பெனியிலும் நிற்காத அந்த ஆளை, காலர் பிடித்து இழுத்தும் பொறுத்துக்கொண்டு, அத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருந்தது யார்? ஊரே தடுத்தபோது அளக்கட்டும் விடு என்று சொன்னது யார்? அடுத்த முறை அந்த அம்மா சாட்சி சொல்லும்போது என் பெயரையும் கட்டாயம் சொல்லியாக வேண்டும். அவரைச் சொன்னதற்கு அப்புறம் சொன்னாலும் போதும்.